பெயர் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

பள்ளியில் இங்கிலாந்தின் வேளாண் புரட்சியைப் பற்றிப் படித்தபோது ஜெத்ரோ டல் என்ற பெயரை மனப்பாடம் செய்திருந்தேன். 1701-ஆம் ஆண்டு வாக்கில், விதையைக் கையால் வீசி இறைக்காமல் வரிசை வரிசையாக மண்ணுக்குள் இறக்கும் கருவியை உருவாக்கியவர் அவர். சில ஆண்டுகள் கழித்து, நண்பனின் வீட்டில் அவனுடைய அண்ணன் வைத்திருந்த கேசட் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நீலப் பேனாவால் எழுதிய அட்டை ஒன்றில் அதே பெயரைப் பார்த்தேன். ஒலித்தது கிட்டாரும் டிரம்ஸும் மட்டுமல்ல. நடுவே மூச்சிரைக்க, ஏறக்குறைய சண்டை பிடிப்பதுபோல ஒரு புல்லாங்குழல். “இந்தக் குழல் வாசிக்கிறவர்தான் ஜெத்ரோ டல்லா, அண்ணா?” என்று கேட்டேன். “இல்லடா, அப்படி ஒரு ஆளே இந்தக் குழுவில கிடையாது” என்றார் அவர்.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. ஒரு குழுவுக்குப் பெயர் ஒருவருடையதாகவும் குரல் வேறொருவருடையதாகவும் இருப்பது விதிவிலக்கு என்றுதான் அன்று நினைத்தேன். ராக் இசையைத் தொடர்ந்து கேட்கக் கேட்க, அது எத்தனை பெரிய குழுக்களில் நடந்திருக்கிறது என்பது தெரியவந்தது. பெயரும் குரலும் இப்படித் தனித்தனியாக இருந்ததால்தான் பல குழுக்கள் தம் பாடகரை இழந்த பிறகும் பிழைத்தன என்பது என் துணிபு.

ஜெத்ரோ டல்லிலிருந்தே தொடங்குகிறேன். 1967-இன் இறுதியில் உருவான அந்தக் குழுவுக்கு முதலில் நிலையான பெயரே இல்லை. ஓர் அரங்கில் வாசித்துவிட்டு அதே அரங்கில் மறுபடி வாய்ப்புக் கேட்க வேண்டுமானால், வேறு பெயரில் போவதே வசதியாக இருந்தது. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துகொடுத்த முகவர் அலுவலகத்தில் வரலாற்றில் ஈடுபாடு கொண்ட ஒருவர் இருந்தார். அவர் கொடுத்த பெயர்களில் ஒன்றுதான் ஜெத்ரோ டல். அந்தப் பெயரோடு வாசித்த வேளையில்தான் லண்டனின் மார்க்கீ அரங்கத்தார் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. 1968-இல் வெளியான முதல் இசைத்தட்டில் அந்தப் பெயர்கூட ‘ஜெத்ரோ டோ’ என்று தவறாக அச்சாகியிருந்தது. பாடகர் இயன் ஆண்டர்சன், எரிக் கிளாப்டன் அளவுக்குத் தன்னால் கிட்டார் வாசிக்க முடியாது என்று முடிவு செய்து, கையிலிருந்த கிட்டாரைக் கொடுத்துப் புல்லாங்குழல் வாங்கியவர். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு குழல் ஊதும் அவருடைய தோற்றமே குழுவின் அடையாளமானது. பார்த்தவர்களில் பாதிப் பேர் அவரைத்தான் ஜெத்ரோ டல் என்று எண்ணியிருப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அசல் ஜெத்ரோ டல்லும் இசை பழகியவர். இளமையில் இசையே தன் பொழுதுபோக்கு என்றும், தன்னிடமிருந்த ஆர்கன் வாத்தியத்தின் உள்ளமைப்பை நுணுகிப் பார்த்து வைத்திருந்ததால் அதன் பாகங்களிலிருந்தே விதைக் கருவிக்கான வழி பிறந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். காற்றைத் தேவைக்கேற்பத் திறந்துவிட்டு அடைக்கும் ஆர்கனின் நாக்கும் வில்லும் அவருடைய கருவியில் விதையைத் திறந்துவிட்டு அடைத்தன. இசையிலிருந்து வயலுக்குப் போன பெயர் இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி இசைக்கே திரும்பியிருக்கிறது. பாடகர் ஆண்டர்சனோ, 1970-களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் நிலம் வாங்கி, பின்னர் சால்மன் மீன் பண்ணைகளை நடத்தினார். யாரும் திட்டமிட்டு இப்படிப் பொருத்தியிருக்க முடியாது.

பிங்க் ஃபிளாய்டின் கதை இதைவிட ஆழமானது. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைச் சேர்ந்த பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இரண்டு ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஓர் இசைத்தட்டு உறையின் குறிப்பில் பார்த்து, முதற்பெயர்களைச் சேர்த்து வைத்தவர் குழுவின் முதல் பாடகரான சிட் பாரெட். பெயர் வைத்த அவரே முதலில் வெளியேறினார். மனநலம் குலைந்து மேடையில் அவர் வெறித்து நிற்கத் தொடங்கிய நிலையில், கேம்பிரிட்ஜில் அவரோடு ஒன்றாகக் கிட்டார் பழகிய நண்பர் டேவிட் கில்மோர் துணைக்குச் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஒருநாள், சவுத்தாம்ப்டனுக்கு வாசிக்கப் போகும் வழியில், சிட்டை அவர் வீட்டிலிருந்து அழைத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்று முடிவாகி வண்டி நேராகப் போய்விட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1975 ஜூன் 5 அன்று, லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவங்களையும் மழித்துக்கொண்ட பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். அது சிட் என்பதைப் பழைய நண்பர்களால் உடனே அடையாளம் காண முடியவில்லை. அவர்கள் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது அவரை நினைத்தே எழுதிய பாட்டு. அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில், இசை வணிகர் ஒருவர் குழுவினரைப் பார்த்து “உங்களில் பிங்க் யார்?” என்று விசாரிக்கும் வரி வருகிறது, அந்தக் கேள்வியை அவர்கள் உண்மையாகவே எதிர்கொண்டிருந்தார்கள். அந்த வரியைப் பாடியவர்கூடக் குழுவில் இல்லாதவர். ரோஜர் வாட்டர்ஸின் தொண்டை ஒத்துழைக்கவில்லை, கில்மோர் பாட விரும்பவில்லை, அதே கட்டடத்தில் தன் ஆல்பத்துக்காக வந்திருந்த ராய் ஹார்ப்பர் பாடிக்கொடுத்தார். அதற்கு முந்தைய ஆல்பத்தில், சொற்களே இல்லாமல் ஒரு பெண்குரல் உயர்ந்து அழுது அடங்கும் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் கிளேர் டோரி. அன்றைய ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004-இல் அவர் வழக்குத் தொடுத்த பிறகுதான் அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. அது நியாயம் என்பதே என் கருத்து. அந்தக் குரலை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் பாதிகூட மிஞ்சாது.

முன்பின் அறியாதவர்களின் பெயர்களைத் தாங்கியவை ஒரு வகை. குழுவுக்குள்ளேயே இருந்தும் பாடாதவர்களின் பெயர்களைத் தாங்கியவை இன்னொரு வகை. ஃபிளீட்வுட் மேக் என்பது டிரம்மர் மிக் ஃபிளீட்வுட்டின் பெயரும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வியின் பெயரும் சேர்ந்தது. 1967-இல் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீன்தான் பாடகர். புகழ்பெற்ற கிட்டார் கலைஞரும் அவரே. தன் பெயரை வைத்துக்கொள்ளும் எல்லா உரிமையும் அவருக்கு இருந்தது. ஆனால் தாளம் பிடிக்கும் இருவரின் பெயரை அவர் வைத்தார். அப்போது மெக்வி குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை. மூன்றே ஆண்டுகளில் கிரீன் விலகினார். பின்னர் பல பாடகர்கள் வந்து போனார்கள், தாளம் மட்டும் மாறவில்லை. 1974-இல் உறுப்பினர்கள் சோர்ந்து கிடந்த வேளையில், அந்தப் பெயர் தன்னுடையது என்று சொல்லி அன்றைய மேலாளர் முற்றிலும் வேறு ஆட்களை அமெரிக்காவுக்கு அனுப்பி வாசிக்கவைத்தார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மேடையில் அறிமுகமான முகம் ஒன்றையும் காணவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அதே ஆண்டின் இறுதியில், கலிஃபோர்னியாவில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைப் பார்வையிடப் போயிருந்த ஃபிளீட்வுட்டுக்கு, அங்குள்ள ஒலித்தரத்தைக் காட்டுவதற்காக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அதில் கிட்டார் வாசித்தவர் லிண்ட்சி பக்கிங்ஹாம். குழுவில் சேரும்படி அழைப்பு வந்தபோது, தன் துணைவி ஸ்டீவி நிக்ஸும் கூட வந்தால்தான் வருவேன் என்றார் அவர். அந்த நிபந்தனையில்லாமல் 1977-இன் ‘ரூமர்ஸ்’ ஆல்பம் இல்லை. தேடிப் போனது கூடத்தை, கிடைத்தது இரண்டு குரல்கள்.

வான் ஹேலனும் இவ்வாறே. கிட்டார் வாசித்த எட்டி, டிரம்ஸ் வாசித்த அலெக்ஸ் என்னும் சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. பாடகர் டேவிட் லீ ராத் குழுவுக்குள் வந்த வழி எளிமையானது: அவரிடமிருந்த ஒலிபெருக்கிகளைச் சகோதரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவரையே சேர்த்துக்கொண்டால் வாடகை மிச்சம். 1985-இல் ராத் விலகினார், எட்டியின் காரைப் பழுதுபார்த்துவந்த மெக்கானிக் வழியாக சாமி ஹேகர் அறிமுகமானார், 1986-இல் வந்த ஆல்பம் அமெரிக்காவில் அவர்களுக்கு முதன்முறையாக முதலிடத்தைப் பெற்றுத் தந்தது. பெயர் சகோதரர்களிடம் இருந்ததால் குரல் மாறியும் வீடு இடியவில்லை.

எந்த முடிவும் எளிதாக எடுக்கப்பட்டதல்ல என்பதை உணர 1980-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஒரே ஆண்டில் பிரிட்டனில் மூன்று இழப்புகள் நேர்ந்தன, மூன்று குழுக்களும் மூன்று வெவ்வேறு முடிவுகளை எடுத்தன.

பிப்ரவரி 19 அன்று ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்தார், வயது 33. மே 18 அன்று ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ், முதல் அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், 23 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். செப்டம்பர் 25 அன்று லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் 32 வயதில் மறைந்தார். ஏசி/டிசி பெயரை வைத்துக்கொண்டு புதிய குரலைத் தேடியது. ஜாய் டிவிஷனில், யார் ஒருவர் போனாலும் அந்தப் பெயரை மீண்டும் பயன்படுத்துவதில்லை என்ற உடன்பாடு ஏற்கெனவே இருந்தது. எஞ்சிய மூவரும் பெயரை ‘நியூ ஆர்டர்’ என்று மாற்றிக்கொண்டார்கள், ஆனால் பாடகரை வெளியே தேடவில்லை. மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்து, கடைசியில் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னரிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. பாடகர் உயிரோடு நல்ல குரலோடு இருந்த லெட் செப்பலினோ, டிசம்பர் 4 அன்று அறிக்கை வெளியிட்டுக் கடையையே மூடியது. பாடகரை இழந்த இரு குழுக்கள் தொடர்ந்தன, தாளத்தை இழந்த குழு நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் பீட்டர் கிரீன் வைத்த பெயர்தான் என் நினைவுக்கு வரும். 2007 டிசம்பர் 10 அன்று லெட் செப்பலின் லண்டனில் ஒரே ஒரு முழு நிகழ்ச்சிக்காகக் கூடியபோது டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்தவர் பான்ஹமின் மகன் ஜேசன்.

ஏசி/டிசி புதிய பாடகரைக் கண்டடைந்த விதத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நியூகாசிலில் கார்களுக்கு வினைல் கூரை போடும் தொழில் செய்துகொண்டிருந்தவர் பிரையன் ஜான்சன். 1970-களின் முற்பகுதியில் அவர் ‘ஜார்டி’ என்ற குழுவில் பாடியபோது, அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் குழுவில் பான் ஸ்காட் இருந்தார். ஒருநாள் ஜான்சன் மேடையில் விழுந்து புரண்டு அலறியதைப் பார்த்து ஸ்காட் வியந்துபோய், பிற்காலத்தில் தன் குழுவினரிடம் அவரைப் புகழ்ந்து பேசியிருக்கிறார். அன்று தன்னை அலறவைத்தது குடல்வால் வலி என்று ஜான்சன் சொல்லிவருகிறார். ஸ்காட் இறந்த பிறகு, அவர் மெச்சிய அந்த மனிதரையே குழுவினர் தேடிப் பிடித்தார்கள். ஐந்தே மாதங்களில், ஜூலை 25 அன்று, ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்தது. துக்கத்துக்காக உறை முழுவதும் கறுப்பு.

அந்த ஆல்பம் மணியோசையோடு தொடங்குகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ நகரிலுள்ள மணிக்கோபுரத்தில்தான் அந்த ஓசையைப் பதிவுசெய்ய முதலில் முயன்றார்கள். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே கூடுகட்டியிருந்த பறவைகள் படபடத்துப் பறந்ததால் அது தேறவில்லை. பிறகு அதே ஊர் மணி வார்ப்பாலையில், குழுவுக்காகவே வார்க்கப்பட்ட ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வெண்கல மணியை அடிக்கவைத்துப் பதிவுசெய்தார்கள். பெரிய மணிபோலக் கேட்பதற்காக அதன் வேகத்தைப் பாதியாக்கினார்கள். நல்ல ஹெட்ஃபோனில், இரவில், அந்த முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு மணியின் ரீங்காரம் முழுதாக அடங்குவதற்குள் அடுத்தது விழும். அந்த இடைவெளிக்குள் கிட்டார் மெல்ல நுழையும். புதியவரின் குரல் வருவதற்கு முன் பழையவருக்கான மரியாதை முழுவதும் செலுத்தப்பட்டுவிடும்.

இங்கேதான் எனக்கு ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. நிலைத்துவிட்ட இரண்டாம் பாடகர்களில் பலர், முதல் பாடகரின் குரல் எட்டும் தொலைவில் ஏற்கெனவே நின்றவர்கள். ஜெனிசிஸ் குழுவிலிருந்து 1975-இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது பலரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஐந்து ஆண்டுகளாக டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்து துணைக்குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். குவீன் குழுவுக்கு முன்னோடியான ‘ஸ்மைல்’ குழுவில் பாடியவர் டிம் ஸ்டஃபெல். ஈலிங் கலைக்கல்லூரியில் அவருடைய நண்பராக இருந்து, அந்தக் குழுவை விடாமல் பின்தொடர்ந்து கேட்டு, இப்படிச் செய்யுங்கள் அப்படிச் செய்யுங்கள் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர் ஃபரூக் பல்சாரா. சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்து, அங்கேயே ‘ஹெக்டிக்ஸ்’ என்ற மாணவர் குழுவில் பியானோ வாசித்தவர். 1970-இல் ஸ்டஃபெல் விலகியதும் அந்த ரசிகரே பாடகரானார், பெயரை ஃபிரெடி மெர்குரி என்று மாற்றிக்கொண்டார்.

பிற்காலத்தில் இந்த ஒழுங்கு இன்னும் வெளிப்படையானது. ஜூடாஸ் பிரீஸ்ட் 1996-இல் தேர்ந்தெடுத்த டிம் ஓவன்ஸ், அமெரிக்காவின் ஓஹாயோவில் அதே குழுவின் பாடல்களை மட்டும் பாடும் உள்ளூர்க் குழுவில் இருந்தவர். 2007-இல் ஜர்னி குழுவின் நீல் ஷான் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது, மணிலாவில் பிறருடைய பாடல்களை மேடையில் பாடிவந்த ஆர்னெல் பினேடாவைக் கண்டார். தாயை இழந்து, சிறுவயதில் மணிலாவின் தெருக்களில் உறங்கியவர் பினேடா. ஷானிடமிருந்து வந்த மின்னஞ்சலை யாரோ விளையாடுகிறார்கள் என்றே அவர் முதலில் நினைத்தார். விசா வாங்கப் போன இடத்தில், காரணத்தைக் கேட்ட தூதரக அதிகாரி ஜர்னியின் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டச் சொன்னதாகவும், பாடியதும் விசா கிடைத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். 2017-இல் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரியும் அவரும் நேரில் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்ட படத்தைப் பார்த்து நான் கண்கலங்கியிருக்கிறேன்.

இந்த ஒழுங்குக்கு அடங்காதவர்களும் உண்டு. ஹேகர் தன் பெயரோடும் தன் ரசிகர்களோடும் வந்தவர். பிளாக் சபாத்தில் ஆசி ஆஸ்போர்னின் இடத்துக்கு வந்த ரோனி ஜேம்ஸ் டியோவும் அப்படியே. அவர்கள் பழைய குரலைத் தொடரவில்லை, குழுவையே வேறொன்றாக மாற்றினார்கள். எதிர்த்திசையில் போனவர் டேவ் க்ரோல். நிர்வானாவில் டிரம்ஸ் வாசித்த அவர், 1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் மறைந்த பிறகு, அந்த ஆண்டின் அக்டோபரில் ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, தானே பாடி, ஒரு வாரத்துக்குள் ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்தார். ஒரே ஆளின் வேலை என்று தெரியாதிருக்க ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ என்று பன்மையில் பெயர் வைத்தார். அசையாமல் நின்ற நிர்வானா பெயரை அவர் தொடவே இல்லை. 2015-இல் ஸ்வீடன் மேடையில் கால் முறிந்தபோது, பாடுவதை நிறுத்த மனமில்லாமல் ஒரு பெரிய நாற்காலி செய்து அதில் உட்கார்ந்து பாடினார். அடுத்த ஆண்டு கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடகர் ஆக்சல் ரோஸுக்குப் பாதம் முறிந்தபோது அந்த நாற்காலியைக் கடன் கொடுத்தார். செவித்திறன் குறைந்து பிரையன் ஜான்சன் மேடையை விட்டு விலக நேர்ந்த அந்த ஆண்டில், ஏசி/டிசிக்காகப் பாட வந்தவரும் அதே ஆக்சல் ரோஸ்தான். காலில் கட்டோடு அமர்ந்தபடியே பாடத் தொடங்கினார்.

லினர்ட் ஸ்கினர்ட் குழுவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், நீண்ட முடி வளர்த்த மாணவர்களை விடாமல் கண்டித்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சற்று எழுத்து மாற்றி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆசிரியரும் பின்னாளில் அவர்களோடு நட்பானார். 1977 அக்டோபர் 20 அன்று நேர்ந்த விமான விபத்தில் பாடகர் ரோனி வான் ஸான்ட்டும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கெய்ன்ஸும் அவருடைய அக்கா கேசியும் இறந்தார்கள். பத்து ஆண்டுகள் அந்தப் பெயர் மேடையேறவில்லை. 1987-இல் எஞ்சியவர்கள் கூடியபோது ரோனியின் தம்பி ஜானி பாடினார். அந்தப் பயணத்தின் நேரடிப் பதிவு அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதில் அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற ‘ஃப்ரீ பேர்ட்’ பாட்டு வரும்போது ஜானி பாடுவதில்லை. கிட்டார்கள் மட்டும் மெட்டை எடுக்கின்றன. முதல் வரிக்கான இடம் வந்ததும், ஒலிவாங்கிக்கு வெகு தொலைவிலிருந்து, சுருதி சேராமல், ஆயிரக்கணக்கானவர்கள் பாடத் தொடங்குகிறார்கள்.